செத்தவீட்டுல எல்லாரும் கேட்ட கேள்வி: உங்கட அம்மப்பா என்ன சாப்பிட்டவர்?

படுவான்கரைப் பொடியன்:

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில இரிந்த எங்கட அம்மப்பா தவறி 31ஆம் நாள் அமுதுச் சடங்கும் முடிஞ்சிட்டு, இப்பதான் ஆறுதலா இருந்து எழுதக் கிடைச்சிரிக்கு. ஐடி காட்டுப்படி வயசு 96. ஆனா அந்தக் காட்டே 72லதானே வந்தது, வருசம் கேக்கக்குள்ள வாயில வந்ததச் சொல்லி விட்டவராம், "இந்த மனுசன் காட்டுல இரிக்கிறத விட மூப்பு" எண்டு அம்மம்மா சாகுமட்டும் சொல்லுவா. சரி அது கிடக்கட்டும். செத்தவீட்டுக்கு வந்த சனம் முழுக்க கேட்டது ஒண்டுதான், மனுசன் என்ன சாப்பிட்டவர், இவ்வளவு காலம் எப்பிடி இரிந்தவர் எண்டு. கேட்டுப்போட்டு அவங்களே பதிலையும் சொல்லுறாங்க, ஒராள் குரக்கன் எண்டுறார், ஒராள் எருமைத் தயிர் எண்டுறார், மட்டக்களப்பு டவுண்ல இருந்து வந்த ஒராள் வாவி மீன்ல என்னவோ சத்து இரிக்காம் எண்டு போனத் திறந்து காட்டுறார். உண்மையச் சொன்னா அம்மப்பா விடிய எழும்பினா முதல் சுருட்டு, மறுகாதான் தேத்தண்ணி. குரக்கனக் கண்டா பிளேட்டத் தள்ளி வெச்சிருவார்.

என்னக் கேட்டா அவர் சாப்பாட்டால இரிந்தவர் இல்ல, தப்பித் தப்பி இரிந்தவர். கூடப் பிறந்ததுகள்ல ரெண்டு சின்னதிலயே மலேரியாக் காய்ச்சல்ல போயிட்டு, நுளம்பு மருந்து டீடீட்டி அடிக்க ஆக்கள் வந்தது 46, 47க்குப் பிறகுதானே, அதுக்கு முதல் பிறந்த பிள்ளைகள்ல யாரு மிஞ்சுவாங்க எண்டு யாருக்கும் தெரியா. 57 டிசம்பர் வெள்ளத்துல அம்மம்மாவையும் கைப்பிள்ளையா இரிந்த பெரிய மாமாவையும் தோணியில ஏத்தி, அவர் தண்ணிக்குள்ள நிண்டு தள்ளிக்கொண்டு போனவராம்.

மறுகா 78 சூறாவளி. நவம்பர் 23. இந்தக் கதைய எத்தின தரம் கேட்டாலும் அலுக்கா. இரவு காத்து தொடங்கினதோட முதல்ல கூரைக் கிடுகு போச்சு, மறுகா கூரை மரமும் போச்சு, எல்லாரையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வளவுல இரிந்த கல்வீட்டுக் குசினிக்குள்ள போயிட்டார். கனநேரம் அடிச்ச காத்து ஒரு கட்டத்துல டக்கெண்டு நிண்டுட்டாம். சத்தமே இல்லியாம். முடிஞ்சுது எண்டு நினைச்சு ஆக்கள் மாட்டப் பார்க்க, வீட்டப் பார்க்க வெளிக்கிட்டிரிக்காங்க, அம்மப்பா மட்டும் கதவுல முதுகக் குடுத்துக் குந்திக்கொண்டு ஒராளையும் விடல்லியாம், அம்மம்மா ஏசினதுக்கும் எழும்பல்லியாம். கொஞ்சத்தால மற்றப் பக்கத்தால இரிந்து காத்து திரும்பி வந்ததாம், முதல் வந்தத விட மோசமா. "எப்பிடித் தெரியும் உங்களுக்கு?" எண்டு நான் கேட்டா "தெரியா மனே, பயத்துல எழும்ப ஏலாமக் குந்தினான்" எண்டு சிரிப்பார்! அம்மாட்டக் கேட்டா அது பொய், அவருக்கு வடிவாத் தெரியும் எண்டுவா. எனக்கு அவர் சொன்னதுதான் உண்மை போல கிடக்கு.

விடியப் பார்த்தா வீட்டு வாசல்ல நிண்டே வாவி தெரிஞ்சதாம். இடையில நிண்ட தென்னை ஒண்டும் இல்ல. அந்த வருசமே எங்கயோ போய்த் தேங்காய் கொண்டந்து கண்டு போட்டவர், இப்பவும் எங்கட வளவுல நிக்கிறது அந்த மரங்கள்தான்.

87லயும் 91லயும் எங்கட பக்கம் நடந்த படுகொலைகள் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். அதப் பத்தி அவர் வாய் திறந்ததில்ல, நானும் எழுதப் போறதில்ல.

உங்கட வீட்டுலயும் இப்பிடி நெடுங்காலம் இரிந்த ஆக்கள் இரிந்தா எழுதுங்க.

சம்மாந்துறையான்:

தம்பி வாசிக்க எங்கட மூத்தாப்பாட நினைப்பு வந்திட்டு. அவரும் தொண்ணூறு தாண்டித்தான் மௌத்தானவர். கல்லோயா அணை கட்டக்குள்ள இங்கினியாகலைக்கு மாட்டுக் கரத்தையில சாமான் ஏத்தினவர், 49, 50 காலம். அணை கட்டினாப் பிறகுதான் எங்கட வயல் கனத்துக்கு ரெண்டு போகமும் தண்ணி நிச்சயமா வந்த, அதுக்கு முதல் மழைய நம்பின வெள்ளாமைதான், அதால அந்த அணைக் குளம் சேனநாயக்க சமுத்திரத்த அவர் தன்ட சொந்தக் குளம் மாதிரித்தான் கதைப்பார், குளம் நிறைஞ்ச வருசம் ஊரெல்லாம் செல்லித் திரிவார். உங்கட பக்கத்துப் பெரிய வயல்காரப் போடியார் ஒராள் அவருக்குக் கூட்டாளி, பிரச்சின காலத்துல கனகாலம் ரெண்டு பேரும் காணல்ல. பாதை திறந்தாப் பிறகு அவர் தயிர்ச்சட்டியோட வந்தார், இவர் ஒண்டும் கேக்காம சோத்தப் போடச் சொன்னார். ரெண்டு பேரும் மாட்டு விலைதான் கதைச்சாங்க.

காரைதீவு மகள்:

எங்கட அம்மப்பா சின்னப் பொடியனா இரிக்கக்குள்ள விபுலாநந்த சுவாமி ஊருக்கு வந்தா பின்னால ஓடித் திரிஞ்சவராம், சுவாமி 47லதானே சமாதியானவர், அதால நம்பலாம். அம்மப்பா சுனாமியில தப்பினது பெரிய கதை எல்லாம் இல்ல, அண்டைக்கு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போகாம என்ட தங்கச்சிக்கு மருந்தெடுக்க கல்முனைக்குப் போயிட்டார், அவ்வளவுதான். வீடு போயிட்டு, கூட்டாளிமார் எல்லாரும் போயிட்டாங்க. மறுகாப் பதினொரு வருசம் இரிந்தவர், ஆனா கடல் மீன் தின்னல்ல. அண்ணன் சொன்னது சரி, சாப்பாட்டுக்கும் ஆயுசுக்கும் எங்கட ஊருல தொடர்பே இல்ல.

சுவிஸ் மட்டக்களப்பான்:

நான் வீடியோ கோல்லதான் அப்பப்பாட செத்தவீடு பார்த்த. கூட எழுத ஏலாது. தம்பி உங்கட அம்மப்பா கூத்தாடினவரா? படுவான்கரை எண்டா கட்டாயம் ஆடியிருப்பாரே, ரெக்கோட் ஏதும் இரிக்கா?

படுவான்கரைப் பொடியன்:

ஓம் அண்ணன். வாலிபத்துல கரப்புடுப்பு எண்ட கூத்து உடுப்புக் கட்டி ராசாவா ஆடினவர், விடிய விடிய. கடைசி ரெண்டு வருசமும் என்ட பேரே அவருக்கு ஞாபகம் வாறல்ல, மாமாட பேரச் சொல்லித்தான் கூப்பிடுவார், ஆனா மத்தளத்துல கை வெச்சா கூத்துப் பாட்டுத் தருவ ஒரு சொல் விடாமப் பாடுவார். போன்ல கொஞ்சம் எடுத்து வெச்சிரிக்கன், இருமலும் கோழிச் சத்தமும் இடைக்கிட வரும். மாமாக்கள்ட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு அனுப்புறன். மற்றது, கூத்துல வடமோடி, தென்மோடி எண்டு ரெண்டு வகை, இன்பாக்ஸ்ல ஒராள் அவர் ஆடினது தென்மோடியா எண்டு கேட்டிரிந்தார். வடமோடி அண்ணன். அம்மப்பாட்ட நேர இப்பிடிக் கேட்டிரிந்தா உங்களுக்குத் தேத்தண்ணியும் கிடைச்சிராது.