சி.டி. நார்மல், நான் நார்மல் இல்லை: டி.டி.ஐ. எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
மாடிப்படியில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. மயக்கம் போட்டதாக நினைவில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்தது யார் என்பதும் நினைவில்லை. அன்றைக்கே சி.டி. எடுத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. நான் கணக்கு எழுதுகிறவள். ஒரு தாளில் பார்த்த எண்ணை இன்னொன்றில் எழுதுவதற்குள் கடைசி இலக்கங்கள் காணாமல் போகின்றன. மேலாளரிடம் சொன்னால் "ஸ்கேன் நார்மல்தானே" என்கிறார். டி.டி.ஐ. என்று ஒரு வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறதாம், அதில் சி.டி.யில் தெரியாத காயமும் தெரியுமாமே? எடுத்து அவர் மேசையில் வைத்துவிடலாமா?

காந்தக்குழாய்:
எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுவது என் வேலை, டாக்டர் இல்லை. சி.டி. தேடுவது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம், அதாவது அவசரமாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று. லேசான அடியில் பெரும்பாலோருக்கு அது சுத்தமாகத்தான் வரும். தலை சட்டென்று சுழன்று நிற்கும்போது இழுபடும் நரம்பிழைகள் அதற்குத் தெரியாது.

எம்.ஆர்.ஐ. கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கும். எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படத்தில் பொட்டு ரத்தக்கசிவு விட்டுப்போன இரும்பு கறுப்புப் புள்ளியாக விழும். 2013இல் வெளியான டிராக்-டி.பி.ஐ. என்ற தலைக்காய ஆய்வில், லேசான அடிபட்டு சி.டி. நார்மலாக இருந்தவர்களில் கால் பங்குக்குச் சற்று மேல் எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்தது.

டி.டி.ஐ. இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் எவ்வளவு ஒழுங்காக நகர்கின்றன என்று அளந்து, 0 முதல் 1 வரை எஃப்.ஏ. என்ற எண்ணைத் தரும். இழை குலைந்தால் எண் இறங்க வேண்டும். ஆனால் அடிபட்ட முதல் சில நாட்களில் எடுத்த ஆய்வுகளில் சிலவற்றில் ஏறியிருக்கிறது, சிலவற்றில் இறங்கியிருக்கிறது! போதாததற்கு வயது, ஒற்றைத் தலைவலி, மெஷின் மாடல் எல்லாமே அந்த எண்ணை அசைக்கும்.

ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம். அதற்காக உயரத்தை மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? டி.டி.ஐ.யும் அப்படித்தான். அடிபட்ட கூட்டத்தை அடிபடாத கூட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். உங்கள் ஒருவரின் எண்ணை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. விழுவதற்கு முன் எடுத்த ஸ்கேனும் உங்களிடம் இருக்காது. டி.டி.ஐ.யும் நார்மல் என்று வந்தால் மேலாளர் கையில் இரண்டு காகிதம், அவ்வளவுதான்.

பழைய கோல்கீப்பர்:
சகோ, எனக்கும் இதே கதை, கோல் கம்பத்தில் மோதினேன். ஸ்கேனை விட்டுவிட்டுக் கண் அசைவு, சமநிலை, கழுத்து மூன்றையும் பரிசோதிப்பவரிடம் போங்கள். பாதித் தொல்லை கழுத்திலிருந்து வந்தது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்கும் யோசனையெல்லாம் பழசு. இப்போது ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் தொல்லை பெரிதாகக் கூடாத அளவுக்கு நடை என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, டி.டி.ஐ. ஆசையை விட்டேன். மேலாளருக்கு ஸ்கேனுக்குப் பதிலாக நினைவாற்றல் பரிசோதனை அறிக்கை செல்லுமா? இன்னொன்று: முதல் சி.டி. நார்மல் என்றால் இனி ரத்தக்கசிவு பயமே வேண்டாமா?

காந்தக்குழாய்:
உங்களுக்கு எது முடிகிறது, எது முடியவில்லை என்று அந்த அறிக்கை நேராகச் சொல்லும். வேலையைக் குறைத்துக் கேட்க அதுதான் உதவும். இரண்டாவதற்குப் பதில்: முழுதாக விட்டுவிடாதீர்கள். மண்டையோட்டுக்கு அடியில் மெதுவாகச் சேரும் ரத்தம் வாரங்கள் கழித்தும் தலைகாட்டலாம், முக்கியமாக வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும். தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலோ, வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் தெளியாத தூக்கம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே எடுப்பதும் சி.டி.தான்.