புதுப்பிப்பு: நாளுக்கு 4 நிமிஷம் முந்திய என்ஹெச்35 வாட்ச் – காரணம் காந்தம்

உதவிய எல்லாருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: ரோலெக்ஸ் சப்மரைனர் சாயலில், சீக்கோ என்ஹெச்35 மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) போட்டுச் செய்த வாட்ச் நாளுக்கு 4 நிமிஷம் முந்துகிறது, திருகு கிரவுனும் (பக்கவாட்டில் திருகி மூடும் குமிழ்) முழுசாக இறங்கவில்லை.

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரைத் தொடாதீங்க, முதல்ல திசைகாட்டியைப் பக்கத்துல வைங்க" என்று செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதுதான் சரி. திசைகாட்டி முள் ஆடியது. காந்தம் ஏறினால் ஹேர்ஸ்பிரிங்கின் (வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய சுருள்வில்) சுருள்கள் ஒட்டிக்கொண்டு, வேலை செய்யும் நீளம் குறைந்து வேகம் கூடும். காந்த நுனி ஸ்க்ரூடிரைவர் மேல்தான் சந்தேகம். புனலூர் கடையில் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் கிடைத்தது. பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு முழம் விலக்கி, அப்புறமே கையை எடுக்கணும். அவசரப்பட்டால் காந்தம் திரும்ப ஏறும். இப்போது நாளுக்கு +12 வினாடி. இந்த மூவ்மென்டுக்குச் சொல்லப்படும் அளவு -20 முதல் +40 வரை, போதும்.

கிரவுனுக்குக் காரணம் அரை மில்லிமீட்டர் நீளம் கூடுதலான ஸ்டெம் (கிரவுனை மூவ்மென்டோடு இணைக்கும் தண்டு). வெட்டாமல் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். குட்டையானால் புது ஸ்டெம்தான்.

எதிர்பாராதது: சாரல் நாளில் பின்மூடியை மூடியதால் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. வெயிலடித்த நாளில் திறந்து உலரவிட்டு, ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி மூடியபின் இல்லை.