செங்கால் கதவு வாங்கலாமா, வேண்டாமா?

பிஎம்_வாசி:
புக்கிட் மெர்தாஜாமில் அம்மா இருக்கும் வீட்டின் வாசல் கதவைக் கரையான் தின்றுவிட்டது. செங்கால்தான் வேண்டும் என்கிறார் அம்மா (செங்கல் இல்லை, செங்கால் என்ற கெட்டியான காட்டு மரம்!). கடைக்காரர் எம்டிசிஎஸ் (மலேசிய மரச் சான்றிதழ்த் திட்டம்) முத்திரை உள்ள மரம், காட்டுக்குக் கெடுதல் இல்லை என்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் தங்கையோ முத்திரையெல்லாம் கண்துடைப்பு, காட்டு மரத்தையே தொடாதே என்று சண்டைக்கு வருகிறாள். மச்சான் வேறு, எல்லாரும் காட்டு மரத்தை ஒதுக்கினால் காட்டுக்கு மதிப்பே இருக்காது, அப்புறம் காட்டை அழித்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான் வரும் என்கிறார். மூன்றும் சரியாகப் படுகிறது, அதுதான் தலைவலி.

கெப்போங்_காரன்:
நான் மர அளவெடுப்பு வேலையில் இருந்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் தேர்ந்து வெட்டும் முறைதான். வெட்டுவதற்கு முன் மரங்களை எண்ணி, நெஞ்சு உயரத்தில் குறுக்களவு எடுப்போம். மெராந்தி வகையறாவுக்குக் குறைந்தது 50 சென்டிமீட்டர், மற்றவற்றுக்கு 45, செங்காலுக்கு மட்டும் 60. அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு 25, 30 ஆண்டு கழித்துத்தான் திரும்பி வர வேண்டும். சரி, விட்டுவைத்த மரம் அதற்குள் பெருத்துவிடுமா? மொத்தக் கணக்கும் அங்கேதான் தொங்குகிறது. மெராந்தி வேகமாக வளரும், செங்கால் ஆமை. எல்லாவற்றுக்கும் ஒரே 30 ஆண்டு என்றால் ஆமை என்ன செய்யும்? அதோடு இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும், அந்த நேரத்தில் தாய்மரம் நிற்க வேண்டும். 1978-இலிருந்து எண்ணினால் நாம் முழுதாகப் பார்த்தது ஒரு சுற்றுதான். காடு மீளும் என்பவரும் மீளாது என்பவரும் பாதி ஊகத்தில்தான் பேசுகிறார்கள், நானும் சேர்த்து.

சிலாங்கூர்_மழை:
அண்ணே, மரம் மீள்வது இருக்கட்டும், காடு அங்கே இருக்குமா? எங்கள் சிலாங்கூர் மாநிலத்தின் கோலா லங்காட் வடக்குக் காட்டை நினைத்துப் பாருங்கள். தெமுவான் பூர்வக்குடிகள் வாழும் சதுப்புக்காடு. அதில் ஒரு பெரிய பகுதியை 2021-இல் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தே விட்டார்கள், மக்கள் கொதித்த பிறகுதான் அதே ஆண்டு அந்த முடிவைக் கைவிட்டார்கள். நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. கதவில் ஒட்டிய முத்திரை அதை என்ன செய்யும்?

கெப்போங்_காரன்:
ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனால் மச்சான் பேச்சையும் தள்ள முடியாது, விற்க ஒன்றும் இல்லாத காட்டைக் காப்பாற்ற மனுப்போடுகிறவர்கள் மட்டும் போதாது. அதற்காக 30 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மரக்காசு, மாதாமாதம் வரும் செம்பனைக் காசோடு போட்டி போடும் என்றும் நான் நம்பவில்லை.

பழையமரம்:
பினாங்கில் பழைய வீடு இடிக்கிற இடங்களில் விசாரியுங்கள், செங்கால் கதவு கிடைக்கும். மலிவு என்று பால்மரக் (ரப்பர் மரக்) கதவு மட்டும் வாசலுக்குப் போடாதீர்கள். தாத்தா பாட்டி பால்மரம் சீவிய பாசம் எனக்கும் உண்டு, ஆனால் மழையில் நிற்காது, கரையானுக்கு விருந்து.

பிஎம்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. பழைய கதவு என்றதும் அம்மா முகம் சுளித்துவிட்டார், யார் வீட்டு வாசலில் நின்றதோ, அங்கே என்ன நடந்ததோ என்று. நிலைக்கால் மட்டுமாவது புதிதாக இருந்தால் யோசிப்பாராம். அதற்கு எந்த மரம் என்று மறுபடியும் இங்கேதான் வந்து கேட்க வேண்டும் போல.