விரா 1.5 மேனுவல்: ஷார்ட் ஷிஃப்டர் எதை எடுப்பது? சுங்கை சிப்புட்காரனுக்கு உதவி வேண்டும்

வணக்கம் அண்ணன்மாரே. என் வண்டி புரோட்டோன் விரா 1.5 மேனுவல் கார், அப்பா ஓட்டியது. வீடு செம்பனைத் தோட்டத்துக்குள்ளே, அங்கிருந்து செம்மண் பாதையில் வெளியே வந்து பழைய சாலையில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். கியர் ரொம்ப நீளமாக இழுக்கிறது, நியூட்ரலில் ஸ்டிக் தளதளவென்று ஆடுகிறது, காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது. ஸ்டிக் அசையும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் போடலாம் என்று பார்த்தால் ஒருவர் 25 விழுக்காடு குறையும் என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார், கியர்பாக்ஸ் பக்கமே மாட்டும் ஒன்றும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில் 1

தம்பி, 40 வேண்டாம். ஸ்டிக் ஒரு நெம்புகோல்தானே. பிவட்டுக்கு (ஸ்டிக் திரும்பும் புள்ளிக்கு) மேலே 240 மி.மீ, கீழே 60 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 4. கீழே 80 ஆக்கினால் விகிதம் 3, கை அசைவு 25 விழுக்காடு குறையும், ஆனால் தள்ளும் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 40 விழுக்காடு குறைத்தால் பலம் கிட்டத்தட்ட 67 விழுக்காடு கூடிவிடும். ஜாமில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிடும்.

பதில் 2

நான் போமன் (மெக்கானிக்) வேலை பார்க்கிறவன், அதனால் நேராகவே சொல்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் நீளமாக இழுப்பது ஒன்றைத்தான் ஷார்ட் ஷிஃப்டர் சரிசெய்யும். ஆடுவது வேறு, முரண்டு பிடிப்பது வேறு.

விராவில் ஸ்டிக்கிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு கேபிள் போகிறது, ஒன்று முன்னும் பின்னும், ஒன்று இடமும் வலமும். அதன் முனைகளில் இருக்கும் புஷ் (சின்ன வளையம்) தேய்ந்தால் ஸ்டிக் ஆடும். செம்மண் பாதையில் ஓடும் வண்டி வேறு, கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் சேறு காய்ந்து அப்பிக்கொண்டிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றுங்கள், ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டிக்கை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள், நீங்கள் கேபிள் முனையைப் பாருங்கள். உள்ளே ஸ்டிக் ஆடியும் இங்கே கேபிள் இழுக்கும் கியர்பாக்ஸ் கைக்கொம்பு அசையவில்லை என்றால், ஷார்ட் ஷிஃப்டர் போட்டாலும் அந்த ஆட்டம் போகாது.

இரண்டாவது கியருக்கு, எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளச் முழுசாக விடவில்லை, கிளச் கேபிளை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். உறுதி செய்ய இன்னொரு வழி: ஐட்லிங்கில் கிளச்சை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள், ரிவர்ஸுக்குப் பொதுவாக சிங்க்ரோ (கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்காது, கரகரவென்றால் சந்தேகமே இல்லை, கிளச்தான். வண்டி சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள், ஜிஎல்-4 தர ஆயில் ஊற்றுங்கள். சில ஜிஎல்-5 ஆயில் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது, கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். சிங்க்ரோ தேய்ந்த பெட்டியில் ஷார்ட் ஷிஃப்டரை மாட்டி அழுத்தித் தள்ளினால் அது இன்னும் சீக்கிரம் போய்விடும், எனக்கு அதுதான் கவலை.

பதில் 3

அண்ணன் சொன்னதோடு எஞ்சின் மவுண்டிங்கையும் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்தால் ஸ்டிக்கும் சேர்ந்து நகர்கிறதா? அப்படியென்றால் ரப்பர் கிழிந்திருக்கலாம். அப்புறம், முன்பின் அசைவை மட்டும் குறைக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள். இடவலமும் குறைந்தால் கேட்டுகள் (ஸ்டிக் போகும் வரிசைகள்) நெருங்கிவிடும், நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகிறேன் என்று மூன்றாவதில் போட்டுவிட்டால் எஞ்சின் ஆர்பிஎம் எங்கேயோ போய்விடும்.

கேட்டவர்

பார்த்தேன் அண்ணே. இடவல கேபிளின் கியர்பாக்ஸ் பக்கத்து புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. எஞ்சின் அணைத்திருக்கும்போது இரண்டாவது சுலபமாக விழுகிறது. புஷ் அலுமினியத்தில் போடலாமா? அதற்குப் பிறகும் ஷார்ட் ஷிஃப்டர் வேண்டும்தான்.

பதில் 2

அலுமினியம் கிண்ணென்று இருக்கும், ஆனால் அதிர்வும் சத்தமும் ஸ்டிக்கில் ஏறும். தினம் வேலைக்குப் போகிற வண்டி, பாலியூரிதேன் போதும். கிளச் கேபிளையும் அன்றைக்கே அட்ஜஸ்ட் செய்துவிடுங்கள். பிறகு இரண்டு வாரமாவது அப்படியே ஓட்டுங்கள், இழுப்பு இன்னும் நீளமாகத் தெரிந்தால் வாங்குங்கள். கீழ் முனையில் இரண்டு மூன்று துளை உள்ள அட்ஜஸ்டபிள் வகை நல்லது, மிகக் குறைவாகச் சுருக்கும் துளையிலிருந்து ஆரம்பியுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் மாட்டுவதை விடுங்கள், அந்தச் சேற்றில் இன்னொரு இணைப்பு எதற்கு? கொஞ்சம் கனமான கியர் நாப் (ஸ்டிக்கின் குமிழ்) போட்டால் கூடுகிற பலம் கைக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

மாட்டியதும் எஞ்சினை அணைத்தே ஐந்து கியரும் ரிவர்ஸும் முழுசாக விழுகிறதா என்று பாருங்கள். அரைகுறையாக விழுந்தால் ஓடும்போது கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும், கேபிளைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள் தம்பி.