ஆன்லைன் பாடத்துக்குப் பேராசிரியர்கள் தயாரா? சேலம் பக்கத்து அனுபவங்கள்

சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். சீனியர் பேராசிரியர்களுக்கு ஆன்லைன் பாடமெல்லாம் வராது என்று பலர் இங்கே எழுதியிருப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் துறையில் ரொம்பத் திணறியவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்த ஒரு மேடம், உண்மைதான். ஆனால் மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது அவரால்தான். நாங்களெல்லாம் கூகுள் மீட்டில் ஸ்லைடு ஓட்டிக்கொண்டிருக்க, ஏற்காட்டுக்கு மேலே மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் பாதி வகுப்பில் காணாமல் போவார்கள், டவர் எடுக்கிற மேட்டுக்கு நடந்து போய் உட்கார்ந்தால்தான் லைன் நிற்கும், மழை பிடித்துவிட்டால் அதுவும் கிடையாது. மேடம் நேரலையையே விட்டுவிட்டார். ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் கையால் போட்டு, போட்டோ எடுத்து, கூடவே நாலைந்து நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "ரெண்டாவது வரியில குறி ஏன் மாறுச்சுன்னு பாரு, அது புரிஞ்சப்புறம் மூணாவதுக்கு வா" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலவே இருக்கும். சிக்னல் கிடைக்கும்போது டவுன்லோடு ஆகிவிடும், அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் டவரே எட்டாத ஊருக்கு அது போதவில்லை. யார் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்தவர் மேடம்தான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை.

~~~

மேலே எழுதியவருக்கு வணக்கம். நான் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியில் இல்லாத ஆசிரியர், வணிகவியல். 2021இல் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை மாணவர்கள் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்து, பட்டத்தில் சேரும் கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் துறையில் இந்தப் பேச்சை எடுத்தபோது எல்லோரும் கம்மென்று இருந்தார்கள். வெளியே வந்ததும் ஒருவர் என் தோளைத் தொட்டு, "பாடம் அங்க போயிட்டா உனக்கு வகுப்பெடுக்க மணி நேரம் எங்கப்பா இருக்கும்?" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். எங்களுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது, அடுத்த வருடம் வேலை உண்டா என்றும் தெரியாது. சொந்த போனில், சொந்த டேட்டாவில் வீடியோ எடுத்துக் கொடுத்தால் அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. வீடியோ கல்லூரியில் இருக்கும், நான் இருப்பேனா? தொழில்நுட்பம் எனக்கு நன்றாகவே வரும், பிடிக்கவும் செய்யும். ஆசிரியர்கள் தயங்குகிறார்கள் என்று எழுதுபவர்கள் இந்தப் பயத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

~~~

கணிதம் எடுப்பவன் மறுபடியும். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம் தோழர். பாட வீடியோ தயாரிக்கும் நேரத்தை வேலைப்பளுவில் சேர்க்கச் சொல்லி எங்கள் துறையில் எழுதிக் கொடுத்தோம், கௌரவ விரிவுரையாளர்களையும் சேர்த்துத்தான். இதுவரை பதில் இல்லை. எந்தக் கல்லூரியிலாவது அப்படி நேரம் ஒதுக்கியிருந்தால் அந்த உத்தரவின் நகலை இங்கே போடுங்கள், அடுத்த மனுவோடு இணைத்துவிடுகிறேன்.