லத்தூர் 1996: திறக்கலாமா, இன்னும் கிடக்கட்டுமா?

நிலவறை_புதுசு:
ஷாட்டோ லத்தூர் 1996 (பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின், 1996 அறுவடை), ஒரே பாட்டில். ஒயின் கழுத்தின் அடிவரை நிற்கிறது. ஒரு மாதமாக ஃபிரிட்ஜில் படுக்க வைத்திருக்கிறேன். இன்னும் ஐந்து வருடம் தாங்குமா? திறப்பதென்றால் டிகான்டரில் (ஒயினை ஊற்றிக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவை) எவ்வளவு நேரம் விடணும்?

கார்க்கோடன்:
முதலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுங்கள். ஒரு மாதத்தில் பெரிய சேதம் வந்திருக்காது. ஆனால் 4 டிகிரி வறண்ட குளிரில் வருடக்கணக்கில் கிடந்தால் கார்க் சுருங்கிக் காற்று புகும். வேண்டியது 12–14 டிகிரி, 60–75 சதவீத ஈரப்பதம், இருட்டு. அதற்காக 30 டிகிரி அலமாரிக்கும் மாற்றாதீர்கள்; ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், கசியும், பழமணம் ஜாம் மாதிரி வெந்துபோகும். வெப்பநிலையைச் சீராக வைக்கும் ஒயின் கேபினட்தான் வழி.

இந்த வயதுக்குக் கழுத்தடி அளவு இயல்பு. தோளின் நடுவரை இறங்கியிருந்தால்தான் சந்தேகம்.

ஐந்து வருடம் தாராளம். 1996 செப்டம்பரில் போர்தோவின் இடக்கரையான மெடோக்கில் மழை குறைவு, தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சொவிஞோன் திராட்சை நன்றாகத் தேறியது. மெடோக்கிலுள்ள போயாக் ஊரின் சரளை மண்ணில் லத்தூர் நம்பியிருப்பதும் அதைத்தான். ஆற்றின் வலக்கரையில் விளையும் மெர்லோ திராட்சைக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. ஆனால் பாட்டில் முன்பு எங்கே கிடந்தது என்று தெரியாவிட்டால், நானாக இருந்தால் இந்த வருடமே திறப்பேன்.

வண்டல்:
இரண்டு நாள் நேராக நிறுத்துங்கள், கசடு அடியில் இறங்கட்டும். கழுத்திலுள்ள உறை முழுவதையும் உரியுங்கள்; இல்லாவிட்டால் ஊற்றும்போது ஒயின் தெரியாது. பழைய கார்க் சாதாரணத் திருகில் பொடிந்துவிடும். இரு தகடுள்ள திறப்பானைக் கார்க்கின் ஓரமாக ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடி மேலே கொண்டுவாருங்கள்.

கழுத்துக்குக் கீழே விளக்கு வைத்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் அலை திரும்பி கசடு கலங்கும், இரண்டு நாள் காத்தது வீண். கசடு தோளைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஒரு வாய் ஒயின் போகும், போகட்டும்.

நேரத்தைக் கடிகாரம் சொல்லாது. முதலில் கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள்: இறுக்கமாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம், மணம் வந்துவிட்டால் உடனே. 16–18 டிகிரியில் பரிமாறுங்கள்.

கார்க்கோடன்:
அந்த முதல் வாயிலேயே ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் கெட்டது; காற்றில் விட்டாலும் போகாது. கருந்திராட்சை, தேவதாரு, சீவிய பென்சில், புகையிலை வந்தால் நல்ல பாட்டில். கிளாஸில் ஒயினின் விளிம்பு செங்கல் நிறமாக இருப்பது வயதின் அடையாளம்தான். முழுக்கப் பழுப்பாகி ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் வாசம் வந்தால் காற்று புகுந்துவிட்டது.


அடுத்து வாங்கும்போது எஸ்டேட்டின் நிலவறையிலிருந்தே வெளிவந்ததைத் தேடுங்கள். பீப்பாயில் இருக்கும்போதே முன்விற்பனை செய்வதை லத்தூர் 2012-இல் கைவிட்டது; இப்போது தன் நிலவறையில் வைத்திருந்துதான் விற்கிறது. அப்படி வரும் பாட்டிலுக்கு விலை கூடும்தான்.