1.99 பவுண்ட் கேஸட்: மாஸ்டர்ட்ரானிக் தொழிலை வாழவைத்ததா, கெடுத்ததா?

ஒற்றைவிரல்:
80களின் பிரிட்டிஷ் கணினி விளையாட்டுகளைப் பற்றி யார் எழுத வந்தாலும் மாஸ்டர்ட்ரானிக் பெயர் வந்ததும் குரல் தழுதழுத்துவிடுகிறது. போன வாரம் இங்கே ஒருவர் "பாக்கெட் மணிப் பையன்களின் குலதெய்வம்" என்றே எழுதிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக வளர்ந்துகொண்டிருந்த தொழிலை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்ட கம்பெனி அது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1983இல் மார்ட்டின் ஆல்பர், ஃபிராங்க் ஹெர்மன், ஆலன் ஷராம் முதலானோர் லண்டனில் தொடங்கியது. வீடியோ கேஸட் வினியோகத்திலிருந்து வந்தவர்கள். விளையாட்டு எழுதத் தெரிந்தவர்கள் அல்ல, சரக்கு விற்கத் தெரிந்தவர்கள். அப்போது விளையாட்டு கேஸட்டில்தான் வரும், டேப் ரிக்கார்டரில் ஓட்டிக் கணினியில் ஏற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிகளுக்கு மற்றவர்கள் 5.50, 6.95, 7.95 பவுண்ட் என்று விற்றுக்கொண்டிருந்தபோது இவர்கள் 1.99க்குக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

கணக்குப் போடுங்கள். அப்போது அங்கே வாட் வரி 15 சதவீதம். 1.99இல் வரி போக மிஞ்சுவது 1.73. அதில் கடைக்காரர் பங்கு, மொத்த வியாபாரி பங்கு, கேஸட், டப்பா, அட்டை அச்சு, பதிவுக்கூலி. இத்தனையும் போன பிறகு, மாதக்கணக்கில் கண்விழித்து எழுதின பையன் கையில் என்ன மிஞ்சும்? சில பென்னிகள்.

பதிவுநாடா:
கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. ஒரு கேஸட்டுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கிறீர்கள், எத்தனை கேஸட் விற்றது என்பதை விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் 7.95 பவுண்ட் கேஸட்டின் உண்மையான போட்டியாளர் யார்? பக்கத்து வீட்டுப் பையனின் டபுள் டெக் டேப் ரிக்கார்டர். ஒருவன் வாங்கினால் வகுப்பே பதிவு செய்துகொள்ளும். இந்தத் திருட்டுக்கு 1984இல் இரண்டு பேர் இரண்டு வைத்தியம் சொன்னார்கள். அல்டிமேட் நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் 'சேபர் வுல்ஃப்' விளையாட்டின் விலையை 5.50இலிருந்து 9.95க்கு ஏற்றினார்கள். பெரிய பெட்டி, பளபளப்பான அட்டை. இவ்வளவு கொடுத்து வாங்கியவன் மற்றவனுக்குச் சும்மா பதிவு செய்து கொடுக்க மாட்டான் என்பது அவர்கள் எண்ணம். மாஸ்டர்ட்ரானிக் நேர் எதிர்த்திசையில் போனது. வெற்று கேஸட் வாங்கி, நண்பனைக் கெஞ்சி, பதிவு சரியாக வந்ததா என்று காத்திருப்பதைவிட 1.99 கொடுத்து அசலையே வாங்கிவிடலாம். இரண்டு வைத்தியமும் பலித்தன. அல்டிமேட் செய்தால் சாமர்த்தியம், இவர்கள் செய்தால் கெடுதலா?

ஒற்றைவிரல்:
அல்டிமேட்டோடு ஒப்பிடாதீர்கள். 'நைட் லோர்' எங்கே, இவர்கள் ரேக்கில் தொங்கின குப்பை எங்கே. மாஸ்டர்ட்ரானிக் வெளியிட்டதில் பாதி, ஆர்கேடில் (காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில்) ஓடியதைப் பார்த்து அரைகுறையாக எழுதியவை. 'சில்லர்' ஞாபகம் இருக்கிறதா? முதலில் வந்த கேஸட்டில் மைக்கேல் ஜாக்சன் பாட்டையே ஏறக்குறைய அப்படியே போட்டுவிட்டு, பிறகு இசையை மாற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம், இமேஜின் என்ற விளையாட்டுக் கம்பெனி விழுந்ததும் அதே 1984இல்தானே? தற்செயல் என்கிறீர்களா?

கௌரி_கோவை:
இமேஜினை இழுக்காதீர்கள் சார், அது வேறு வியாதி. லிவர்பூல் கம்பெனி, மார்க் பட்லரும் டேவிட் லாசனும் 1982இல் தொடங்கியது. விளம்பரத்துக்கும் கார்களுக்கும் பணத்தைத் தண்ணீராக இறைத்தார்கள். பத்திரிகைகளில் ஒரு பதின்வயதுப் பையனைக் காட்டி "வருடத்துக்கு 35,000 பவுண்ட் சம்பாதிக்கிறான்" என்றார்கள். போட்டியாளர்களுக்குக் கேஸட் பதிவு செய்ய இடம் கிடைக்கக்கூடாது என்று பதிவு ஆலையையே கிறிஸ்துமஸுக்கு மொத்தமாகப் பிடித்துவைத்ததாகவும், பிறகு அந்தச் சரக்கே விற்காமல் கழுத்தை இறுக்கியதாகவும் சொல்வார்கள். கடைசியில் 'மெகாகேம்' என்று கிளம்பினார்கள். 'பேண்டர்ஸ்நாட்ச்', 'சைக்லாப்ஸ்'. கணினியின் பின்னால் செருகும் வன்பொருளோடு ஒன்றின் விலை ஏறக்குறைய 40 பவுண்ட்! இரண்டும் அந்த வடிவில் வரவே இல்லை. பிபிசி படக்குழு உள்ளே படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே ஜப்தி செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜூலை 1984இல் கதை முடிந்தது. பெயரை ஓஷன் என்ற இன்னொரு விளையாட்டுக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

40 பவுண்ட் கனவு கண்டு விழுந்தவனுக்கு 1.99 பவுண்ட்காரனா பொறுப்பு?

குரொய்டன்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் வழக்கமா வாசிச்சிட்டுப் போறவன், எழுதிறேல்ல. இண்டைக்கு எழுதாம இருக்க முடியேல்ல.

83க்குப் பிறகு லண்டன் வந்த குடும்பம் எங்கட. அப்பாவின்ர சிநேகிதர் ஒருத்தர் பெற்றோல் ஸ்டேஷனில இரவு வேலை. அவரைப் பாக்கப் போனா, காசு குடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில ஒரு கம்பி ஸ்டாண்ட், சுத்தினா கிறீச் கிறீச் எண்டு சத்தம். மேல டோர்ச் பற்றரி, கீழ மார்ஸ் பார், நடுவில இந்தக் கசெற். கொம்பியூட்டர் கடைக்குள்ள எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் இல்லை. அங்க 7.95 குடுக்கிற காசும் இல்லை. ஆனா பெற்றோல் அடிக்க வந்த இடத்தில 1.99 எண்டா மாமா தானே எடுத்துத் தருவார்.

நான் முதல் வாங்கினது 'கிக்ஸ்டார்ட்', கமடோர் 64க்கு. திரை ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், மேல தம்பி, கீழ நான். மேடு, வேலி எல்லாத்தையும் வேகமாத் தாண்டேலாது. சிலதில மெதுவாப் போனாத்தான் விழாமப் போகலாம். தம்பிக்கு அது கடைசி வரைக்கும் விளங்கேல்ல.

இன்னொண்டு. கசெற் லோட் ஆகிற நேரம் சும்மா பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. சில மாஸ்டர்ட்ரானிக் கசெற்றில 'இன்வேட்-எ-லோட்' எண்டு ஒண்டு இருந்தது. டேப் ஓட ஓட, திரையில வேற்றுக்கிரகக் கப்பல்களைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். சில நாள் உண்மையான விளையாட்டைவிட அதுதான் நல்லா இருந்தது. லோட் முடிஞ்சிட்டுதே எண்டு கவலைப்பட்ட ஆக்களும் இருக்கினம்.

பதிவுநாடா:
அண்ணை சொன்னதுதான் விஷயமே. எல்லோரும் விலையையே பேசுகிறோம். அந்தக் கம்பெனியின் உண்மையான கண்டுபிடிப்பு அந்தக் கம்பி ஸ்டாண்ட். வீடியோ விற்றுப் பழகியவர்களுக்குக் கணினிக் கடைக்கு வெளியே சரக்கை எங்கே தொங்கவிடலாம் என்று தெரிந்திருந்தது: பேப்பர் கடை, பெட்ரோல் பங்க், மூலைக்கடை. 7.95க்கு விளையாட்டு வாங்குபவன் பத்திரிகை படித்து, யோசித்து, சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போவான். 1.99க்கு வாங்குபவன் மிட்டாய் வாங்குகிற மாதிரி வாங்குவான். அது வேறு ஆள், வேறு பணம். ஓஷன் பையிலிருந்து எடுத்த பணம் இல்லை.

ஒற்றைவிரல் சாருக்கு இன்னொன்று. 'கிக்ஸ்டார்ட்' எழுதியவர் ஷான் சதர்ன். அவர்தான் பிறகு அமிகா கணினியில் 'லோட்டஸ்' கார்ப் பந்தயங்களைச் செய்தார். 'ஒன் மேன் அண்ட் ஹிஸ் ட்ராய்ட்' கேஸட்டுக்கு இசை ராப் ஹப்பர்ட். அவருடைய இசையை இன்றும் மேடையில் வாசிக்கிறார்கள். 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' தொடங்கி மாய வீரன் வரிசையை எழுதிய டேவிட் ஜோன்ஸும் இங்கேதான். குப்பை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். குப்பை எழுதிப் பழகத்தான் ஓர் இடம் வேண்டும்.

ஒற்றைவிரல்:
ஹப்பர்ட்டைச் சொன்னீர்களே, வாய்க்கு அவல் போட்டீர்கள். 'தி லாஸ்ட் வி8'. இசை அற்புதம். அதைக் கேட்டுக்கொண்டே காரைக் கிளப்பினால் முதல் வளைவிலேயே வெடிக்கும். மறுபடி கிளப்பு, மறுபடி வெடிக்கும். அதை 1.99க்குக்கூட விற்கவில்லை. எம்.ஏ.டி. என்று தனி லேபிள் போட்டு 2.99! வடிவமைத்தவர் டேவிட் டார்லிங். அவரும் தம்பி ரிச்சர்டும் 1986இல் கோட்மாஸ்டர்ஸ் ஆரம்பித்து மாஸ்டர்ட்ரானிக்குக்கே போட்டியாக நின்றார்கள். கூடவே இருந்தவர்களே வெளியேறித் தனிக்கடை போட்டார்கள் என்றால், எழுதுபவனுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று புரியவில்லையா?

கௌரி_கோவை:
போட்ட தனிக்கடையிலும் விலை 1.99தானே சார்! அந்த விலை ஆளைக் கொல்லும் என்றால் டார்லிங் சகோதரர்கள் முதல் வேலையாக விலையை ஏற்றியிருக்க வேண்டும். மாறாக, பள்ளி முடித்த இரட்டையர், ஆலிவர் சகோதரர்கள், 'சூப்பர் ராபின் ஹுட்' கொண்டுவந்தபோது 10,000 பவுண்ட் தருவதாகச் சொன்னார்கள். விற்பனை விலை 1.99. நீங்கள் சொன்ன "சில பென்னிகள்" சேர்ந்தால் இவ்வளவு ஆகும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

ஒற்றைவிரல்:
சரி, அது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் ஆலிவர் இரட்டையர் இல்லையே.

என் அடிப்படை வாதத்துக்கு வருகிறேன். 1.99 என்ற எண் பையன்கள் மனசில் பதிந்த பிறகு என்ன நடந்தது? பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய விளையாட்டுகளையே மலிவு லேபிளில் இறக்கின. ஓஷனின் 'ஹிட் ஸ்குவாட்', யு.எஸ். கோல்டின் 'கிக்ஸ்', எலைட்டின் 'என்கோர்'. ஒரு வருடம் பொறுத்தால் அதே விளையாட்டு 2.99க்கு வரும் என்று தெரிந்தவன் எதற்கு 9.95 கொடுப்பான்? பிறகு பத்திரிகைகளே அட்டையில் கேஸட்டை ஒட்டி இலவசமாகக் கொடுத்தன. சரிவுக்கு முதல் கல்லை உருட்டியது யார்?

பதிவுநாடா:
இதில் பாதி உங்களோடு இருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய வெற்றிகள் 2.99க்கு வந்து முதலில் அடித்தது யாரை? மலிவு விலைக்கென்றே புதிதாக எழுதியவர்களை. ஒரே ரேக்கில் பேர் பெற்ற பழைய விளையாட்டும் பேர் தெரியாத புதுசும் தொங்கினால் பையன் எதை எடுப்பான்? மாஸ்டர்ட்ரானிக்கும் சும்மா இருக்கவில்லை, 'ரிக்கோஷே' என்று மறுவெளியீட்டு லேபிள் தொடங்கியது.

அவர்கள் சறுக்கியது வேறு இடத்தில். 1987இல் மெல்போர்ன் ஹவுஸ் என்ற விளையாட்டுக் கம்பெனியை வாங்கினார்கள். அமிகா வன்பொருளை வைத்து 'ஆர்கேடியா' என்று ஆர்கேட் இயந்திரங்கள் செய்யப் போய்ப் பணத்தைக் கரைத்தார்கள். (இமேஜினின் முதல் விளையாட்டின் பெயரும் 'ஆர்கேடியா'தான். அந்தப் பேருக்கே ராசியில்லை போலும்.) அதே 1987இல் வர்ஜின் பங்கு வாங்கியது, அடுத்த வருடம் முழுதாக வாங்கியது. ஆல்பர் அமெரிக்கா போய் அங்கே வர்ஜினின் விளையாட்டுத் தொழிலை நடத்தினார்.

கௌரி_கோவை:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. 1987இலிருந்து பிரிட்டனில் சேகாவின் 'மாஸ்டர் சிஸ்டம்' என்ற டி.வி. விளையாட்டுப் பெட்டியை விற்றது யார்? இவர்களேதான்! 1.99 கேஸட்டைப் பெட்ரோல் பங்க் வரைக்கும் கொண்டுபோன அதே ஆட்கள் 20 பவுண்டுக்கு மேல் விலை போட்ட, அந்தப் பெட்டியில் செருகும் கார்ட்ரிட்ஜையும் கடைக்குக் கொண்டுபோனார்கள். பையன்களும் வாங்கினார்கள். 1991இல் சேகா அந்தக் கம்பெனியையே வாங்கியது. எதற்கு? 'லாஸ்ட் வி8'க்காகவா? அந்த வினியோக வலைக்காக. அதுதான் சேகா ஐரோப்பா ஆனது.

1.99க்குப் பழகியவன் அதிக விலை கொடுக்க மாட்டான் என்ற உங்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது சார்.

ஒற்றைவிரல்:
ம்ம். கார்ட்ரிட்ஜை டபுள் டெக்கில் பதிவு செய்ய முடியாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லாதீர்கள். வேறு வழியில்லாமல் அப்பா பணத்தில் வாங்கினார்கள்.

குரொய்டன்காரன்:
அது உண்மை அண்ணை. சேகா கேட்டு நான் அழுதது ரெண்டு கிறிஸ்மஸ். கசெற்றுக்கு ஒருநாளும் அழேல்ல.

இப்ப மச்சுக்குள்ள இருந்த பெட்டியைத் திறந்து பாத்தன். 'கிக்ஸ்டார்ட்' இருக்கு, 'லாஸ்ட் வி8'உம் இருக்கு. டேப் தலையைச் சின்ன ஸ்க்ரூட்றைவரால கொஞ்சம் திருப்பினாப் பிறகு ரெண்டும் லோட் ஆச்சு. ஆருக்கும் வேணுமெண்டா அனுப்பிவிடுறன், தபால் செலவு மட்டும் தாங்கோ.

ஒற்றைவிரல்:
'கிக்ஸ்டார்ட்' எனக்கு. இன்னொன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.